‘வேணும்’ என்ற சொல்லைத் திருத்திய கடிதம்

1544-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார், தென்தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக் கரையில் தம்மோடு ஊழியம் செய்த பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது ‘வேணும்’ என்று சொல்லிவந்த இடத்தில் இனி ‘விசுவாசம்’ என்று சொல்லும்படி அதில் கேட்டுக்கொள்கிறார். வேணும் என்பது விருப்பம். பிரமாணம் அறிக்கையிடுவது நம்பிக்கையை. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் பலவந்தத்தைக் குறிக்கும் ஒரு சொல்லையும் விட்டுவிடச் சொல்கிறார். கிறிஸ்து மனமுவந்து பாடுபட்டார், யாரும் கட்டாயப்படுத்திப் படவைக்கவில்லை என்பது காரணம்.

மூத்த ஊழியர் ஒருவர் இளையவருக்குச் செய்ய வேண்டியது முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது. எந்தச் சொல் பிழை, ஏன் பிழை, அதற்குப் பதில் எதைச் சொல்வது. குத்திக்காட்டல் இல்லை, நீண்ட புத்திமதி இல்லை. சபை நடுவே எழுப்பி நிறுத்தவும் இல்லை.

நம் கரையில் இன்று அதே இரண்டு சொற்கள் தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ‘விசுவாசிக்கிறேன்’ என்று தொடங்கும் பிரசங்கம் பத்து நிமிடத்தில் ‘வேணும்’ என்று மாறிவிடுகிறது. மீன் வேணும், கடன் தீர வேணும், விசா வேணும். கேட்பது தவறல்ல, அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் ஆண்டவர்தான். ஆனால் தேவன் கொடுக்காத வாக்கை அவர் கொடுத்ததாக மேடையில் நின்று சொல்வது வேறு காரியம். தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை சிறு சபைகளில் புதிதாகப் பிரசங்கிக்க எழும்பும் தம்பிமாரையும் தங்கச்சிமாரையும் பழக்க நினைக்கும் மூத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, தனிச்சபை எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இந்தக் கரையில் அது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வாரத்தில் பாதி நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறவர்கள். வாங்கின முன்பணத்துக்காக வியாபாரி சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களில் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன ஆளுக்காகக் காத்திருக்கும் மனைவியும் அங்கே இருப்பாள். அவர்களைப் பார்த்ததும் இளம் பிரசங்கியாருக்கு மனம் இளகும். இளகிய மனம் உடனே ஒரு வாக்குறுதியைக் கொடுக்கத் துடிக்கும். கெட்ட எண்ணத்தால் வரும் தவறான போதனையைவிட இரக்கத்தால் வரும் தவறான போதனையே இங்கே அதிகம் என்பது என் கருத்து. அதனால்தான் திட்டித் திருத்த முடியாது. கூடவே இருந்து பழக்கத்தான் முடியும்.

ஒரு மூத்தவருக்கு இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் அது வகுப்பாகிவிடும், ஒவ்வொருவருடைய நோட்டையும் திறந்து பார்க்க நேரம் இருக்காது. ஒருவர் மட்டும் என்றால் அவர் மூத்தவரின் நகலாகப் போய்விடுகிற ஆபத்து உண்டு. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கேட்கத் தயங்குவதை மற்றவர் கேட்டுவிடுவார். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குரலைப் பார்க்காதீர்கள். பவுல் தீமோத்தேயுவிடம் சொன்னது ‘உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி’ என்று (2 தீமோ. 2:2). சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா, வீட்டில் பேசும் பேச்சு எப்படி என்று பாருங்கள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

தொடங்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஏறக்குறைய ஒன்பது வாரம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகில் போகிற ஊழியர்களுக்குத் தொடர்ச்சியாகச் சாயங்காலம் கிடைப்பது அப்போதுதான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்த ஓய்வு கிடையாது. அவர்களுக்குக் கடலுக்குப் போகாத நாளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வாரம் என்பது தொடக்கம் மட்டுமே. ஒருவரைத் தனியே விடுவதற்கு ஒன்றரை வருஷமாவது ஆகும்.

ஒரு வாரம் இப்படிப் போகும். திங்கட்கிழமை இளையவர் அந்த வாரத்துப் பகுதியை ஏழு தடவை வாசிக்கிறார், அதில் மூன்று தடவை வாய்விட்டு. விளக்கவுரை, யூடியூப் எதையும் திறப்பதில்லை. செவ்வாய் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மூத்தவரோடு உட்காருகிறார். வியாழக்கிழமைக்குள் குறிப்பு எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை அதை முழுவதும் பேசிக் காட்டுகிறார். காலியான ஆலயத்தில், மைக் இல்லாமல். ஞாயிறு பிரசங்கம். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் அரை மணி நேரம் போன ஞாயிறைப் பற்றி, மிச்சம் வரும் ஞாயிறைப் பற்றி. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணி, ‘தம்பி, நாளைக்கு நீங்க செய்தி கொடுங்க’ என்று சொல்லும் பழக்கத்தை மூத்தவர்கள் விட வேண்டும். அப்படிக் கொடுக்கப்படும் மேடையில் இளையவர் தாம் எங்கோ கேட்டதைத்தான் பேசுவார். வேறு வழி இல்லை அவருக்கு.

நோட்டு ஒன்று வேண்டும், கோடு போட்ட சாதாரண நோட்டு. இடப்பக்கத்தில் வசனம் சொல்வது மட்டும்: யார் யாரிடம் பேசுகிறார், எப்போது, எங்கே, என்ன வினைச்சொல், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ‘ஆகையால்’, ‘ஏனெனில்’, ‘ஆனாலும்’ எங்கே நிற்கின்றன. வலப்பக்கத்தில் கேள்விகளும் யோசனைகளும். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஒரு மாதத்தில் எது வேதம் சொன்னது, எது தான் நினைத்தது என்று அவருக்கே தெரியாமல் போகும். செவ்வாய்க்கிழமை மூத்தவர் முதலில் இடப்பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். அது அரைப்பக்கம்தான் இருக்கிறது, வலப்பக்கம் நிரம்பி வழிகிறது என்றால் அந்த வாரம் பிரசங்கம் தயாராகவில்லை. கடைசியில் பகுதியின் கருத்தைப் பதினைந்து சொல்லுக்குள் ஒரே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் இன்னொரு தடவை வாசிக்க அனுப்புங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? தீத்து, 46 வசனம். மூன்றே அதிகாரம், ஆரோக்கியமான உபதேசம் என்ற சொல்லே அதில் இருக்கிறது. பிறகு யோனா, 48 வசனம். பிறகு பிலிப்பியர், 104. அதன்பின் மாற்கு பதினாறு அதிகாரமும் வரிசையாக. தானியேலின் பின்பாதியும் வெளிப்படுத்தின விசேஷமும் முதல் வருஷத்தில் வேண்டாம். ஆர்வம் உள்ள தம்பிமார் நேரே அங்கேதான் போவார்கள். மிருகம், முத்திரை, 666 என்று பேசினால் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

லூக்கா 5 நம் கரையில் மிக அதிகமாகப் பிரசங்கிக்கப்பட்டு, மிக அதிகமாகத் தவறவிடப்படும் பகுதி. ‘ஆழத்திலே தள்ளிக்கொண்டுபோய், மீன்பிடிக்கும்படி உங்கள் வலைகளைப் போடுங்கள்’ என்ற 4-ஆம் வசனத்தோடு செய்தி நின்றுவிடும். இந்த வாரம் உன் வலை கிழியும் அளவுக்குக் கர்த்தர் தருவார், ஆமென் சொல்லு என்று முடியும். இளையவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘தம்பி, 11-ஆம் வசனத்தை வாசிங்க. அந்த மீன் என்னாச்சு?’ படவுகளைக் கரையில் நிறுத்தி எல்லாவற்றையும் விட்டு அவரைப் பின்பற்றினார்கள். அமிழ்ந்துபோகிற அளவுக்கு மீன் நிறைந்த இரண்டு படவையும் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். 8-ஆம் வசனத்தில் பேதுரு சந்தோஷப்படவில்லை. நான் பாவியான மனுஷன் என்று விழுகிறான். மீன் அவனுக்கு இயேசு யார் என்று காட்டியது, தான் யார் என்றும் காட்டியது. இதை ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டால், இராமுழுதும் பிரயாசப்பட்டு வெறும் வலையோடு வந்தவனுக்கும் அவரால் பிரசங்கிக்க முடியும். முதல் மாதிரிப் பிரசங்கம் அவனை இன்னொரு தடவை வெறுங்கையோடு அனுப்பும், கூடவே ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்ற பாரத்தையும் ஏற்றி.

அடுத்தது அப்போஸ்தலர் 27, பவுலை ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகும் கப்பல் புயலில் சிக்கும் பகுதி. இதை நம் ஆட்கள் பட்டணத்துப் பிரசங்கிமாரைவிட நன்றாகப் பிரசங்கிக்க முடியும். விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி). சற்றுப் போய் மறுபடி பார்க்கிறார்கள், பதினைந்து பாகம். பாகம் என்றால் என்ன என்று நம் சபையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆழம் குறைகிறது, பாறை வருகிறது என்று சின்னப் பையனுக்கும் புரியும். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு விடியலுக்காகக் காத்திருப்பதும் புரியும். ‘யூரோக்கிலிதோன்’ என்று பழைய திருப்புதல் வேதாகமம் பெயர் சொல்கிற காற்றை வடகிழக்குக் காற்று என்றால், நம் வாடைக்காலக் கடல் கண்முன் வந்துவிடும். இந்த அறிவையெல்லாம் இளையவர் பயன்படுத்த வேண்டும். ஆனால் அங்கே நிற்கக் கூடாது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். ஒருவரும் சாகவில்லை. கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று, கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். ஜெபிக்கிற அப்போஸ்தலன் உள்ளே இருந்தும் கப்பல் மிஞ்சவில்லை.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒருவரும் சாகமாட்டீர்கள் என்று தேவதூதன் மூலம் வந்த வாக்கு அந்தப் பயணத்துக்குக் கொடுக்கப்பட்டது. பவுல் ராயருக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, முன்பாக நிற்க வேண்டும் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது (27:24). நம் விசைப்படகு ஒவ்வொன்றுக்கும் அது எழுதிக்கொடுத்த பத்திரம் அல்ல. 2 கொரிந்தியர் 11:25-ஐத் திறக்கச் சொல்லுங்கள். ரோமாபுரிப் பயணத்துக்கு முன்பே எழுதிய அந்தக் கடிதத்தில், மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்ததாகப் பவுல் சொல்கிறார். அந்த மூன்றிலும் அவருக்கு தேவதூதன் வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. இப்படி ஒரு வசனம் இன்னொரு வசனத்துக்கு எல்லை கட்டுவதைப் பார்க்கப் பழகிய இளையவர் சீக்கிரம் தேறுவார்.

மாற்கு 4-இல் இயேசு அடக்கிய புயலை ‘உன் வாழ்க்கைப் படகில் வீசும் புயல்’ என்று உருவகமாக்குவது உள்நாட்டு ஊரில் எடுபடலாம். இங்கே உண்மையான புயலில் அண்ணனைப் பறிகொடுத்தவர் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு அது உருவகம் அல்ல. அந்தப் பகுதி முடிகிற கேள்வி ‘இவர் யாரோ?’ என்பது. பிரசங்கமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

இனி சொற்கள். நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதன் தமிழ் அழகு; ஆனால் சில சொற்களின் பொருள் இப்போது நகர்ந்துவிட்டது. ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்ற மத்தேயு 28:19-இல் ஜாதி என்பது மக்களினம். இன்று கேட்பவர் காதில் அது சாதி என்று விழுகிறது. இதைத் தெளிவாக்காமல் விட்டால், வேதமே சாதியை ஏற்றுக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் உண்டு. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘மக்களினத்தார்’ என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழக்குங்கள். ஒப்புரவாகுதல், நீதிமானாக்கப்படுதல், கிருபாதாரபலி, பரிசுத்தமாக்கப்படுதல் ஆகிய நான்கையும் வேதச் சொல் எதையும் சேர்க்காமல் பேச்சுத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘பகையா இருந்தவங்க ராசியாகிறது’ என்று ஒப்புரவுக்குச் சொல்லிவிடுவார்கள். யார் பகையாக இருந்தது, யார் முதலில் கை நீட்டியது என்று கேட்டால்தான் 2 கொரிந்தியர் 5:18 வரை போக வேண்டிய தேவை தெரியும். நீதிமானாக்கப்படுதலை ‘நல்லவனா மாறுறது’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது நியாயாதிபதி ‘குற்றமில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது போன்றது. நல்லவனாக மாறுவது அதன் பின்னே தொடர்ந்து நடப்பது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சுவிசேஷமே மாறிப்போகும்.

கிரேக்கச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விளையாடுவது அடுத்த சோதனை. ‘பெலன் என்பதற்குக் கிரேக்கத்தில் டுனாமிஸ், அதுதான் டைனமைட்’ என்று ஒரு தம்பியாவது சொல்லாத வருஷம் கிடையாது. நோபல் டைனமைட்டுக்கு 1867-இல் காப்புரிமை வாங்கி அந்தப் பழைய சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். அப்போஸ்தலர் 1:8-இல் அந்தச் சொல்லை எழுதிய லூக்கா மனதில் வெடிமருந்து இல்லை. இதைவிட நுணுக்கமான ஓர் உதாரணம்: யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற மத்தேயு 4:21-இல் வரும் வினைச்சொல்லே கலாத்தியர் 6:1-இல் தவறினவனைச் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்ற இடத்திலும் வருகிறது. எபேசியர் 4:12-இல் அதன் உறவுச்சொல். நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. கிழிந்த கண்ணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுகிற கையைத் தினமும் பார்க்கிறோம். உவமையாகச் சொல்லலாம். ‘பவுல் வலையை நினைத்துத்தான் எழுதினார்’ என்று மட்டும் சொல்லக் கூடாது, அதற்கு ஆதாரம் இல்லை. இந்த மெல்லிய கோட்டைக் காண ஒருவருக்குக் கண் பழகிவிட்டால் அவரைப் பற்றிப் பாதிக் கவலை தீர்ந்தது.

திரித்துவத்துக்கு ஐஸ், தண்ணீர், நீராவி என்று உவமை சொல்வது இன்னொரு பழைய பழக்கம். ஒரே பொருள் மூன்று நிலைக்கு மாறுவது அது. அதன்படி பார்த்தால் குமாரன் இருக்கும்போது பிதா இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு பெயரால் அறியப்பட்டு, சபை தள்ளிய போதனை அதுவே. ‘நான் என் பிள்ளைக்கு அப்பா, என் மனைவிக்குக் கணவன், என் அப்பாவுக்கு மகன்’ என்பதும் அதே குழியில்தான் விழும். ஓடு, வெள்ளை, மஞ்சள் என்ற முட்டை உவமை எதிர்ப்பக்கம் விழும்: ஓடு மட்டும் முட்டை ஆகாது, ஆனால் குமாரன் முழுமையாக தேவன். உவமை தேடுவதை விட்டு, யோர்தானில் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேற, ஆவியானவர் இறங்க, பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கும் மாற்கு 1:10, 11-ஐ வாசித்துக் காட்டினால் போதும்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டி வருஷம் முழுக்க அதை வேதத்துக்குள் வைத்துக்கொண்டு ஜெபிப்பாள்; அது சின்னக் காரியம் அல்ல. ஆனால் அட்டை எழுதும் வேலையை இளையவருக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து வசனம் வாசித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். ‘சமாதானத்துக்கான நினைவுகள்’ என்கிற எரேமியா 29:11 எல்லார் அட்டையிலும் வரும். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஆறுதலைக் கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்காமலே மரித்திருப்பார்கள். பிலிப்பியர் 4:13 எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்கிறது. முந்தின வசனம் அந்த ‘எல்லாம்’ பட்டினியும் குறைவும் சேர்ந்தது என்கிறது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போது நாம் காணும் வசன எண் 1551-இல்தான் அச்சில் வந்தது. எண் போட்டதால் ஒவ்வொரு வசனமும் தனி அட்டை ஆகிவிடாது.

பிரசங்கத்தின் அளவு இருபத்தைந்து நிமிடம். வாசிப்புக்கு மூன்று, சூழலைச் சொல்ல ஐந்து, பகுதியை விளக்கப் பன்னிரண்டு, கேட்பவர் வாழ்க்கையோடு பொருத்த ஐந்து. வேறு புத்தகங்களிலிருந்து மூன்று மேற்கோளுக்கு மேல் வேண்டாம். இருபது வசனத்தைத் திறக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார்கள். வாசிப்புக்கு மூன்று நிமிடம் என்று சொன்னதைக் குறைக்கவே வேண்டாம். வயதான பலருக்கு வாசிக்கத் தெரியாது. ஆலயத்தில் காதில் விழுவதே அவர்கள் வேதம். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தெளிவாக வர வேண்டும். நெகேமியா 8:8-இல் தீர்க்கமாக வாசித்தார்கள் என்பதுதான் முதலில் வருகிறது, அர்த்தம் சொன்னது அதன் பின்பு. சனிக்கிழமை பேசிக் காட்டும்போது போனில் பதிவு செய்து, ‘ஆமென் சொல்லுங்க’, ‘பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துச் சொல்லுங்க’ எத்தனை தடவை வந்தது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில்தான் அவை கூட்டமாக வந்து நிற்கும்.

திருத்துவதில் மூத்தவர்கள் செய்யும் தவறுகளை நான் லேசாக விடப்போவதில்லை, ஏனென்றால் நல்ல தம்பிமார் ஊழியத்தை விட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை திருத்தாதீர்கள். அன்று அவர் உள்ளம் தோலுரித்த மாதிரி இருக்கும். அவர் மனைவி பிள்ளைகள் முன்னால் என்றைக்குமே திருத்தாதீர்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோ பேசுவதைக் கேட்டபோது ஜெபாலயத்தில் எழுந்து நிற்கவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு, அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப். 18:26). அவன் வேதாகமத்தில் வல்லவன், அவர்கள் கூடாரம் தைக்கிறவர்கள். பிரிஸ்கில்லாளின் பெயரும் அங்கே இருப்பதைக் கவனியுங்கள். ஸ்திரீகள் ஐக்கியத்தில் செய்தி கொடுக்கும் தங்கச்சிமாரைப் பழக்க மூத்த அக்காமார் முன்வர வேண்டும், அந்த வேலை பல சபைகளில் நடப்பதே இல்லை.

பிழைகள் மூன்று விதம். பெயர், இடம், எண் தவறுவது முதல் விதம்; செவ்வாய்க்கிழமை ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பகுதி சொல்லாததை அந்தப் பகுதியிலிருந்து சொல்வது இரண்டாவது; சொன்ன காரியம் உண்மையாகவே இருந்தாலும் இந்தப் பிழை பிழைதான். அதற்கு நோட்டைத் திறந்து இடப்பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ‘நீ சொன்னது தப்பு’ என்று ஆரம்பிக்காமல், ‘தம்பி, இதை எந்த வசனத்துல பார்த்தீங்க?’ என்று கேட்டால் அவரே கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவது விதம் ஆளைச் சேதப்படுத்துவது. அதற்குச் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கக் கூடாது. அன்றே, அதே ஆராதனை முடிவதற்குள், முடிந்தால் அவர் வாயாலேயே திருத்தப்பட வேண்டும்.

‘விசுவாசம் இருந்தா மாத்திரையை நிறுத்து’ என்பது அந்த மூன்றாவது விதத்தில் முதலாவது. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாகித் திரும்பக்கூடும். இன்சுலினை நிறுத்தினால் அதைவிடச் சீக்கிரம் ஆபத்து. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கும் அன்றே மூன்று வசனத்தையும் சொல்லிக்கொடுங்கள்: தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னது (1 தீமோ. 5:23), துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தது (2 தீமோ. 4:20), எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டிருந்தது (பிலி. 2:27). மூவரும் பவுலோடு ஊழியம் செய்தவர்கள்.

சிறைப்பட்ட மீனவர் வீட்டில் ஜெபிக்கப் போகும்போது விடுதலை ஆகும் தேதியைச் சொல்லக் கூடாது. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவார், கர்த்தர் சொல்றார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் இருப்பது அந்த மனைவிதான். தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிற உபாகமம் 18:22-ஐ ஒவ்வொரு இளையவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் செய்யத்தக்கது சங்கீதம் 13 வாசிப்பது. ‘எதுவரைக்கும்’ என்று கர்த்தரிடமே கேட்க வேதம் அனுமதிக்கிறது என்று காட்டுவது. சோறு பொங்கினார்களா என்று பார்ப்பது.

கடலில் போய் உடல் கிடைக்காத ஒருவருக்கு ஆராதனை நடத்துவது எல்லாவற்றிலும் கஷ்டம். முதல் வருஷத்தில் இளையவரை அதற்குத் தனியாக அனுப்பாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் வாசிக்க மட்டும் விடுங்கள். செய்தி பத்து நிமிடம். யோவான் 11 போதும். லாசருவை எழுப்பப் போகிறவர் அழுகிறார் என்பதை அங்கே சொல்லலாம். சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்ற வெளிப்படுத்தின விசேஷம் 20:13-ஐச் சொல்வதாக இருந்தால் அது நியாயத்தீர்ப்பின் காட்சி என்று தெரிந்து சொல்ல வேண்டும். கடல் யாரையும் தேவனுடைய கைக்கு எட்டாமல் மறைக்க முடியாது என்ற அளவுக்கு அதைச் சொல்லலாம். ஏன் நடந்தது என்று காரணம் சொல்ல முயலவே கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பயணிகளோடு ரயில் போயிற்று, ஆலயமும் இடிந்தது. இன்றும் அந்தச் சுவர் நிற்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் (லூக்கா 13:4, 5). குடும்பச் சாபம் என்று தொடங்குகிற தம்பிக்கு, தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிற எசேக்கியேல் 18 முழுவதையும் ஒரு வாரப் பாடமாகக் கொடுங்கள்.

காணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: முன்பணக் கடனில் இருப்பவரிடம் ‘விதை விதை, நூறத்தனையாய் அறுப்பாய்’ என்று பேச எந்த இளையவருக்கும் மேடை கொடுக்காதீர்கள். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறது. பக்கத்தில் இராமநாதசுவாமி கோயிலுக்கு வருகிறவர்களும் ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களும் வாழும் கரை இது. அவர்கள் தெய்வத்தை ஏசிப் பேசுவது தைரியம் அல்ல. எபேசுவில் பட்டணத்து அதிகாரியான சம்பிரதியே, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று பவுலின் ஆட்களுக்குச் சாட்சி சொல்லும்படிதான் அவர்கள் நடந்திருக்கிறார்கள் (அப். 19:37).

மூத்தவர் தம்மையும் இதற்குள் வைக்க வேண்டும். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இளையவர்கள் மூத்தவரின் பிரசங்கத்தை எடுத்து அதே கேள்விகளைக் கேட்கட்டும்: எந்த வசனத்தில் பார்த்தீர்கள் ஐயா? அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவர் யாரையும் பழக்க இயலாது. பையைத் தூக்க, பந்தல் போட, நாற்காலி அடுக்க என்றே இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதும் பழக்குவது ஆகாது. ஒருவர் தேறிவிட்டார் என்று எப்படித் தெரியும்? ஞாயிறு மத்தியானம் மூன்று பேரிடம் கேளுங்கள்: ஒரு பாட்டி, ஒரு பள்ளிப் பிள்ளை, கடலுக்குப் போகிற ஒரு ஆள். ‘இன்னைக்கு வாசிச்ச பகுதி என்ன சொல்லுச்சு?’ மூவரும் ஏறக்குறைய ஒரே காரியத்தைச் சொன்னால், அது அவர் நோட்டில் எழுதிய பதினைந்து சொல்லோடு ஒத்துப்போனால், தொடர்ந்து ஆறு ஞாயிறு அப்படி நடந்தால், அவருக்குக் கீழ் இரண்டு பேரைக் கொடுங்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கிவிடும். அந்த இரண்டு பேர் யார் என்று மார்ச் மாதத்துக்குள் அவர்கள் வீட்டாரோடும் பேசி முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டு, பழைய திருப்புதல் ஒன்று, பொது மொழிபெயர்ப்பு ஒன்று. முதல் செவ்வாய்க்கிழமைக்குத் தீத்து முதல் அதிகாரம், பதினாறு வசனம், ஏழு தடவை.